தம் கதையைத் தாமே எழுதியோர்



மும்பையின் மாட்டுங்கா, தில்லியின் கரோல்பாக், கொல்கத்தாவின் லேக் மார்க்கெட், பெங்களூரின் அல்சூர் முதலிய பகுதிகளில் வாழும் தமிழர் இல்லங்களில் மெல்லிய நூல் ஒன்று அலமாரியில் இருப்பதைச் சில வேளைகளில் காணலாம். அதில் பெயர் பெற்ற பதிப்பகம் எதன் முத்திரையும் இராது. எழுதியவரும் எழுத்தைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். இரயில்வேயிலோ, கணக்கு அலுவலகத்திலோ, உணவு விடுதியிலோ உழைத்து ஓய்வு பெற்றவர். தம் சேமிப்பில் ஒரு பகுதியைச் செலவிட்டுத் தாம் கடந்து வந்த வழியை அச்சில் ஏற்றியவர். சஷ்டியப்த பூர்த்தியன்று வந்தோர்க்கெல்லாம் தாம்பூலத்துடன் அதனை வழங்கியவர். பெற்றுச் சென்றவர்கள் படித்தார்களா என்பது வேறு செய்தி!

இத்தகைய நூல்களைக் குறித்து இருவகைக் கருத்துகள் உண்டு. "இவருடைய கதை யாருக்கு வேண்டும்?" என்று ஏளனம் செய்வோர் ஒரு சாரார். "ஒவ்வொரு மனிதனின் வாழ்வும் உலகிற்கு ஒரு பாடம்" என்று புகழ்வோர் மற்றொரு சாரார். இரண்டும் அவசரத் தீர்ப்புகள் என்றே நான் கருதுகிறேன். புகழோ பதவியோ இல்லாத ஒருவர் தம் கதையைத் தாமே எழுதுவது எப்போது பயன்படுகிறது, எப்போது பயன்படாமற் போகிறது என்பதை நம் நாட்டு நூல்கள் சிலவற்றைக் கொண்டே ஆராயலாம்.

முதலில் ஒரு வணிகரைப் பார்ப்போம். 1586ஆம் ஆண்டில் பிறந்த பனாரசிதாசர் ஜவுன்பூரைச் சேர்ந்த சமணர். பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் சென்று ஆக்ராவில் குடியேறியவர்; நம்மைப் போன்றவரே. 1641ஆம் ஆண்டில், தம் 55ஆம் வயதில், 'அர்த்த கதானகம்' என்னும் நூலைச் செய்யுளில் எழுதினார். அத்தலைப்பின் பொருள் 'பாதிக் கதை' என்பது. மனிதனுக்கு முழு ஆயுள் 110 ஆண்டுகள் என்று கணக்கிட்டு, தாம் பாதி வழியில் நிற்பதாக அவர் கொண்டார். மற்றப் பாதி அவருக்குக் கிட்டவில்லை. அதன்பின் நெடுநாள் அவர் வாழவில்லை. இந்திய மொழிகளில் எழுதப்பட்ட தன்வரலாறுகளில் மிகப் பழையது இதுவே என்று அறிஞர் பலர் கூறுவர்.

அந்நூலில் வெற்றிக் கதை ஏதும் இல்லை. ஆக்ராவுக்குக் கொண்டு சென்ற சரக்கில் நட்டம் ஏற்பட்டது. கையில் காசின்றிக் கச்சோரி விற்பவரிடம் மாதக்கணக்கில் கடன் சொல்லியே உண்டார். மாலை வேளைகளில் சிலரைக் கூட்டி அமர்த்திக் கதைக் காவியங்களைப் படித்துக் காட்டினார். கேட்டவர்களுள் அந்தக் கச்சோரிக் கடைக்காரரும் ஒருவர். தம்மிடம் பணம் இல்லை என்று இவர் உண்மையைச் சொன்னபோது, கடைக்காரர் கடுஞ்சொல் ஒன்றும் கூறாமல் மேலும் உண்ணும்படியே சொன்னார். ஈகையைப் பற்றி நூறு நீதிமொழிகளைப் படித்தாலும் நம் நெஞ்சில் இந்தக் கடைக்காரர் அளவுக்கு அவை நிற்பதில்லை.

1605ஆம் ஆண்டில் அக்பர் மறைந்த செய்தி ஜவுன்பூரை எட்டிய நாளை அவர் வருணிப்பதும் அத்தகையதே. செய்தி கேட்ட இளைஞர் பனாரசிதாசர் படிக்கட்டில் மயங்கி விழுந்து தலையில் அடிபட்டார். ஊரில் கடைகள் அடைபட்டன. நகைகளையும் பணத்தையும் மக்கள் மறைத்து வைத்தனர். செல்வர்கள் முரட்டு ஆடை உடுத்தி ஏழைகளைப் போல் நடமாடினர். புதிய மன்னர் அரியணை ஏறினார் என்ற செய்தி வந்த பின்னரே அச்சம் தணிந்தது. அரண்மனையில் அமர்ந்து வரலாறு எழுதியோர் அரசர் மாறியதைக் கூறுவர். அந்த மாற்றம் ஒரு வீட்டின் படிக்கட்டில் எவ்வாறு இறங்கியது என்பதை வணிகர் ஒருவர்தாம் எழுத முடிந்தது.

அடுத்தவர் வங்கத்துப் பெண்மணி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்த ராசசுந்தரி தேவியார் பன்னிரண்டு வயதில் மணமானவர். பன்னிரண்டு மக்களைப் பெற்றவர். பெண் எழுத்தறிவது கேடு என்று ஊரார் நம்பிய காலம் அது. இவரோ சைதன்ய பாகவதச் சுவடியிலிருந்து ஓர் ஏட்டை எடுத்து அடுக்களையில் ஒளித்து வைத்தார். மகன் எழுதிப் பழகிய பனையோலையின் எழுத்துகளோடு அதனை ஒப்பிட்டு, வேலைகளுக்கு இடையில், யாரும் அறியாமல் படிக்கக் கற்றார். பின்னாளில் 'ஆமார் ஜீபன்', அதாவது 'என் வாழ்க்கை', என்னும் நூலை எழுதினார். வங்க மொழியின் முதல் முழுத் தன்வரலாறு அது.

அவர் நூலில் ஒரு குதிரை வருகிறது. கணவருடைய குதிரை முற்றத்தில் நெல்லைத் தின்னும்போது, அதன் முன் செல்லவும் நாணி அவர் உள்ளே ஒதுங்கி நிற்கிறார். குதிரை கணவருடையதாயிற்றே! சிரிப்பை வரவழைக்கும் நிகழ்ச்சிதான். ஆனால் சிரித்து முடித்தபின் அக்காலத்துப் பெண்ணின் அடைபட்ட வாழ்வு முழுவதும் நம் கண்முன் நிற்கிறது. அவர் தம் நிலையை விளக்கி வாதாடவில்லை, நடந்ததைச் சொன்னார். அதுவே போதுமானதாயிற்று.

நம் காலத்துக்கு வருவோம். பேபி ஹால்தார் என்னும் வங்கப் பெண்மணி கொடுமை நிறைந்த மணவாழ்வை விட்டு, மூன்று குழந்தைகளுடன் இரயிலேறித் தில்லிப் பக்கம் வந்து வீட்டுவேலை செய்து பிழைத்தார். அவர் பணிபுரிந்த இல்லத்தின் தலைவர், எழுத்தாளர் பிரேம்சந்தின் பேரரான பிரபோத் குமார். புத்தக அலமாரியைத் துடைக்கும்போது இப்பெண் ஏடுகளைப் புரட்டிப் பார்ப்பதைக் கண்டு, குறிப்பேடும் பேனாவும் கொடுத்து, "உன் கதையை எழுது" என்றார் அவர். நாள் வேலை முடிந்தபின் இரவில் எழுதிய அக்குறிப்புகள் 'ஆலோ ஆந்தாரி' என்னும் நூலாயின. தாய்மொழியில் எழுதப்பட்டும், 2002ஆம் ஆண்டில் இந்தி மொழிபெயர்ப்பாகவே அது முதலில் வெளிவந்தது. 2006ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வந்து பல நாடுகளில் படிக்கப்பட்டது.

இம்மூவரும் எழுத்துலகில் எவருடைய சிபாரிசும் பெற்று எழுதத் தொடங்கியவர்கள் அல்லர். எனினும் இவர்களுடைய நூல்கள் நிலைத்தன. காரணம் யாது? மூவரும் படிப்பினையைத் தேடி எழுதவில்லை, நிகழ்ச்சியை எழுதினார்கள். நாம் காணும் நூல்கள் பலவற்றில் இது தலைகீழாக இருக்கிறது. "உழைப்பே உயர்வு தரும்", "பொறுமை கடலினும் பெரிது" என்பன போன்ற முடிவுகள் பக்கந்தோறும் இருக்கும்; எந்த ஊரில், எந்த அறையில், எவ்வளவு வாடகைக்கு, யாருடன் தங்கி அந்தப் பொறுமையைக் கற்றார் என்பது இராது. முடிவை நாமே அறிவோம். அதற்கு அவர் வந்த வழியைத்தான் நாம் அறியோம்.

வெளிமாநிலத்துத் தமிழர்க்கு இது பொழுதுபோக்கான செய்தி அன்று. மொழி தெரியாத நிலையத்தில் இறங்கிய முதல் நாள், முதன்முதலில் கற்ற இந்திச் சொல், அரிசிக்கும் காப்பிப் பொடிக்கும் அலைந்த அலைச்சல், ஊரிலிருந்து தந்தி வந்த இரவு, முதற் சம்பளத்தில் ஊருக்கு அனுப்பிய தொகை ஆகியவற்றை எந்த அரசாங்க ஆவணமும் குறித்து வைப்பதில்லை. நம்முடைய ஒவ்வொரு முதியவரும் மறையும்போது அவற்றில் ஒரு பகுதி மறைகிறது. பெயர்த்தி ஒருத்தி, "தாத்தா ஏன் இந்த ஊருக்கு வந்தார்?" என்று பின்னொரு நாள் கேட்டால் விடை சொல்ல ஆள் இராது.

"பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதே, எந்த மொழியில் எழுதுவது?" என்று சிலர் கேட்கக்கூடும். உங்களுக்கு எந்த மொழியில் கோபமும் சிரிப்பும் இயல்பாக வருகின்றனவோ அந்த மொழியிலேயே எழுதுங்கள். பேபி ஹால்தாரின் வங்கமொழி நூல் இந்தியின் வழியாக உலகை அடைந்ததைச் சற்று முன் கண்டோம். எழுதப்பட்டதை மொழிபெயர்க்க என்றேனும் ஒருவர் கிடைப்பார். எழுதப்படாததை யார் மொழிபெயர்க்க முடியும்?

"தொடங்கத் தெரியவில்லையே" என்போர்க்கும் ஒரு வழி உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்துக்கு முன்னிருந்த சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி, 1830ஆம் ஆண்டில் காசி யாத்திரை புறப்பட்டு அடுத்த ஆண்டு திரும்பினார். வழியில் கண்டவற்றை நண்பர் கோமளீஸ்வரன்பேட்டை சீனிவாசப் பிள்ளைக்கு எழுதி அனுப்பினார். வீராசாமி மறைந்தபின், 1838ஆம் ஆண்டில் அந்த நண்பரே அவற்றைத் தெலுங்கில் நூலாக வெளியிட்டார். உலகிற்கு எழுதுவதாக எண்ணினால் கை நடுங்கும். தெரிந்த ஒருவருக்கு எழுதுவதாக எண்ணினால் சொற்கள் தாமே வரும்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நம் கதையில் பிறரும் வாழ்கிறார்கள். பாகம் பிரித்த தமையனும் கடன் தராத மைத்துனரும் தம் தரப்பைச் சொல்ல வேறு நூல் எழுதப் போவதில்லை. ஆகவே பழி தீர்க்கும் கருவியாகப் பேனாவைக் கொள்ளலாகாது. பனாரசிதாசர் நூலின் இறுதியில் தம் நற்குணங்களோடு தம் குற்றங்களையும் பட்டியலிட்டார். அந்த நேர்மை இருந்தால் பிறர் குறையைச் சொல்லும் உரிமையும் ஓரளவு வரும்.

அச்சிடுவது முன்போல் அரிதன்று. வேண்டிய சில படிகளை மட்டும் அச்சிட்டுக்கொள்ளும் வசதி இன்று உண்டு. ஆனால் உறவினர்க்கு வழங்குவதோடு நின்றுவிடாதீர்கள். 1954ஆம் ஆண்டின் நூல்கள் ஒப்படைப்புச் சட்டப்படி, நூலை வெளியிடுவோர் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னைக் கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட பிற குறிப்பிட்ட பொது நூலகங்களுக்கும் ஒவ்வொரு படி அனுப்புதல் வேண்டும். தாமே வெளியிடும் ஆசிரியருக்கும் இது பொருந்தும். இதனைக் கடமை என்று மட்டும் கொள்ளாமல் பாதுகாப்பு என்றும் கொள்ளலாம். வீடு மாறும்போது பழைய காகிதத்தோடு போய்விடக்கூடிய நூல், நூலகத்தில் ஓர் எண் பெற்று, நாம் காணாத ஒரு வாசகருக்காகக் காத்திருக்கும்.

இன்றிரவே நூறு பக்கம் எழுத வேண்டியதில்லை. ஊரை விட்டுப் புறப்பட்ட நாளின் தேதியையும், வழியனுப்ப வந்தவர்களின் பெயர்களையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். எஞ்சியவை அவற்றைத் தொடர்ந்து வரும்.