வார்டில் முதல் நாள்

(ஜூபிலி விழாவையொட்டி நடந்த பங்குக் குடும்பக் கூட்டத்தில், நம் பங்கைச் சேர்ந்த செவிலியர் நால்வர் சேர்ந்து ஆற்றிய உரை)



எங்களைப் பேச அழைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில வாரங்களுக்கு முன் நம் பங்குப் பெண் ஒருத்தி, வார்டுக்குப் போன முதல் நாள் மாலையே ரயிலேறிப் படாளத்தில் வந்து இறங்கினாள். "இனி அந்தப் பக்கமே போகமாட்டேன்" என்று ஒரே அழுகை. தாயார் எங்களிடம் வந்து, "இவள் இதற்கு லாயக்கில்லையோ? படிப்பை நிறுத்திவிடலாமா?" என்று கேட்டார். அந்தப் பெண்ணின் சம்மதத்தைப் பெற்றுக்கொண்டுதான் இதைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம்.

நாங்கள் நால்வரும் அப்படித்தான் பயந்தோம். செய்முறை அறையிலே பொம்மையைப் படுக்க வைத்து எல்லாம் கற்றுக் கொடுத்திருந்தார்கள். ஆனால் பொம்மை முனகுவதில்லை. வெட்கப்படுவதில்லை. "நீ புதுசா?" என்று கேட்பதுமில்லை. இரத்தத்தைக் கண்டுதான் பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று பெற்றோர் நினைக்கிறீர்கள். இரத்தம் இரண்டே நாளில் பழகிவிடும். அந்நிய மனிதரின் உடம்பைத் தொடுவதுதான் பழகுவதில்லை. மாமன் முறை ஆனவர் முன்பும் எழுந்து ஒதுங்கி நில் என்று சொல்லி வளர்த்த பெண்ணை, தகப்பன் வயதுடைய ஒருவரின் சட்டையைக் கழற்றி உடம்பு துடைத்துவிடு என்றால் அவள் என்ன செய்வாள்? வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் மருத்துவமனையில் 1909ஆம் ஆண்டு நர்சிங் பள்ளி தொடங்கிய காலத்தில், இக்காரணத்தாலேயே நம் நாட்டுக் குடும்பங்கள் பெண்களை இந்த வேலைக்கு அனுப்பத் தயங்கின. அந்தத் தயக்கத்தின் மிச்சம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது.

எங்களில் ஒருத்திக்கு முதலில் கிடைத்தது படுக்கையிலேயே குளிப்பாட்டும் வேலை. நோயாளி, நம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு கொடுத்துவந்த பெரியவர். இவளுக்கோ கை நடுங்கி, பேசினில் இருந்த தண்ணீர் பாதி கட்டில் விரிப்பில் கொட்டிவிட்டது. மீதித் தண்ணீரும் ஆறிப்போயிற்று. அழுகை வந்துவிட்டது. பெரியவர்தான் தேற்றினார்: "ஏம்மா, மொத தபா கரும்பு வெட்டும்போது என் காலையே வெட்டிக்கினேன் நான். நீ மெதுவா செய்மா, நான் எங்கயும் ஓடிப்போவல." அவள் வேறு தண்ணீர் கொண்டுவந்தாள். படித்த வரிசைப்படி ஆரம்பித்தாள். முதலில் கண், மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும். ஒரு கண்ணுக்குப் பட்ட துணி முனை மறு கண்ணுக்கு ஆகாது. பிறகு முகம், கழுத்து, கை. துடைக்கிற இடம் மட்டும் திறந்திருக்க வேண்டும், மற்றதெல்லாம் போர்வைக்குள். முதுகுக்கு வந்தபோது கை நடுக்கம் நின்றிருந்ததை அவளே கவனிக்கவில்லையாம்.

தாயாருக்கு நாங்கள் சொன்னது இதுதான்: "பயப்படாதே" என்று சொல்லிப் பயம் போவதில்லை. கைக்கு ஒரு வேலையும் அந்த வேலைக்கு ஒரு வரிசையும் இருந்தால் போகிறது. வரிசை மாறாதே என்று டியூட்டர் கண்டிக்கும்போது கோபம் வரும், எங்களுக்கும் வந்தது. போர்வையை விலக்காமல் துடைப்பது அந்தப் பெரியவரின் மானத்தைக் காப்பதற்குத்தான். அதனால் நம் வெட்கமும் குறைகிறது.

காரியத்தை அறிந்துகொண்டாலும் பயம் தெளியும். பக்கத்துத் திருமணியைப் பாருங்கள். 1924இல் லேடி வில்லிங்டன் பெயரால் அமைந்த தொழுநோய் நிலையத்தை 1955இல் மத்திய அரசு ஏற்று, ஆராய்ச்சி நிலையம் ஆக்கியது. அந்தப் பெயரைக் கேட்டாலே நம் பெரியவர்கள் முகம் சுளித்த காலம் உண்டு. பெரும்பாலான மக்களின் உடலிலேயே அந்நோயை எதிர்க்கும் சக்தி இருக்கிறது. 1980-களில் வந்த கூட்டு மருந்தைத் தொடங்கிய சிறிது காலத்திலேயே நோயாளியிடமிருந்து பிறருக்குப் பரவுவது நின்றுவிடுகிறது. இதைப் படித்தறிந்த மாணவி அந்தப் புண்ணுக்குக் கட்டுப் போடத் தயங்கமாட்டாள்.

ஆனால் எல்லாப் பயமும் போய்விட வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஊசி போடுவதை ஆரஞ்சுப் பழத்தில் பழகினோம். பழத்தில் எங்கே குத்தினாலும் ஒன்றுதான். மனிதனின் புட்டத்திலோ, மேல்வெளிப் பகுதியைத் தவிர்த்துக் குத்தினால் காலுக்குப் போகும் பெரிய நரம்பு கெட்டுப்போகலாம். அந்த ஒரு பயம் எங்களுக்கு இன்றும் இருக்கிறது. எந்தப் பயமும் இல்லாமல் முதல் நாளே ஊசியைத் தூக்கிக்கொண்டு நடக்கிற பிள்ளையைத்தான் நாங்கள் கூடவே நின்று கவனிப்போம்.

செவிலியரின் பாதுகாவலரான புனித கமில்லுஸ் 1550இல் பிறந்தவர். காலில் ஆறாத புண்ணோடு உரோமை மருத்துவமனைக்கு வந்து, அங்கேயே வேலையும் பார்த்தார். முதல் தடவை, சண்டைக்காரர், சூதாடி என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். பிற்பாடு திரும்பி வந்துதான் நோயாளிகளுக்கென்று ஒரு சபையையே தோற்றுவித்தார். நம் பெண் அழுதுகொண்டு ஒரு நாள் வீட்டுக்கு வந்தது எம்மாத்திரம்!

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மாலையில் பிள்ளை வந்ததும் கேள்வி கேட்காதீர்கள். சாப்பாடு போடுங்கள், தானாகப் பேசுவாள். எந்த நோயாளி, என்ன வியாதி என்று மட்டும் துருவாதீர்கள். அதை வெளியே சொல்ல அவளுக்கு உரிமையில்லை.

அந்தப் பெண் அடுத்த திங்களன்று திரும்பிப் போனாள். கூட இன்னொரு மாணவியோடு சேர்ந்து கட்டில் விரிப்பு மாற்றும் வேலையாம். மூன்றாம் நாள் ஒரு பாட்டிக்குச் சிக்கெடுத்துத் தலை பின்னிவிட்டாளாம்.

இந்த ஆண்டு போகிற பிள்ளைகள் ஞாயிறு பூசை முடிந்ததும் எங்களை வந்து பாருங்கள். கைக்கடிகாரம் வாங்குவதானால் விநாடி முள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். செல்போனைப் பார்த்து நாடி எண்ண வார்டில் விடமாட்டார்கள்.