கண்ணசைவை அளப்போரும் அவர்தம் தொழிலும்

நேயர்களே, வீட்டில் நிலைக்கண்ணாடி இருந்தால் அதன் முன் நின்று சிறு சோதனை ஒன்றைச் செய்து பாருங்கள். கண்ணாடியிலே தெரியும் உங்கள் இடக் கண்ணை முதலில் நோக்குங்கள். பின்பு வலக் கண்ணை நோக்குங்கள். மீண்டும் இடக் கண்ணுக்கு வாருங்கள். உங்கள் கண்கள் அசைவதை நீங்கள் காணமாட்டீர்கள். பக்கத்திலே நிற்பவரோ அவை துள்ளித் துள்ளி இடம் மாறுவதைத் தெளிவாகக் காண்பார். கண் பாய்கின்ற அந்தக் கணத்திலே மூளை பார்வையை மங்கச் செய்துவிடுவதால் ஒருவர் தம் கண்ணசைவைத் தாமே காண இயலுவதில்லை. அதனைக் காண்பதற்குப் பிறர் ஒருவரோ கருவியொன்றோ வேண்டும். அவ்வாறு காண்பதையும் அளப்பதையுமே பிழைப்பாகக் கொண்ட தொழில் ஒன்று இன்று உலகிலே உண்டு. அத்தொழிலில் யாருக்கு இடமுண்டு, அதற்கு எவ்வாறு ஆயத்தஞ் செய்வது என்பதே இப்பேச்சின் பொருள்.

விஞ்ஞானப் பிரிவிலே பயிலாத மாணாக்கருக்கு இத்தகைய தொழில்கள் எட்டாக்கனி என்ற எண்ணம் பெற்றோர் பலரிடம் ஊன்றிக் கிடக்கிறது. இத்துறையின் வரலாற்றை அறிந்தவர் அவ்வாறு எண்ணார். ஏனெனில், இது பிறந்ததே வாசிப்பைப் பற்றிய கேள்வியொன்றிலிருந்துதான். வரியின் மேல் கண் ஓடம் போலச் சீராக நகர்ந்து செல்கிறது என்றே முன்னையோர் நம்பினர். 1879 ஆம் ஆண்டளவில் பாரிஸ் நகரத்துக் கண் வைத்தியர் எமில் ஜவாலும் அவருடன் பணியாற்றியோரும் அந்நம்பிக்கை தவறென உணர்ந்தனர். வாசிப்பவரின் கண் ஓரிடத்திலே நிற்கிறது, பின் பாய்கிறது, மீண்டும் நிற்கிறது. பிற்காலத்தில் ஜவால் கண்ணழுத்த நோயினால் தம் பார்வையையே முற்றாக இழந்தார் என்பது நெஞ்சை வருத்தும் செய்தி. அந்நிலையிலும் அவர் சோர்ந்திருக்கவில்லை. பார்வையற்றோர்க்கு உதவும் நூலொன்றை எழுதி 1903 இல் வெளியிட்டார்.

அமெரிக்காவிலே எட்மண்ட் ஹியூயி என்ற உளநூலறிஞர் அக்கேள்வியைக் கருவிகொண்டு ஆராயத் துணிந்தார். அவர் செய்த கருவியைக் கேட்டால் நேயர்கள் கண்ணை மூடிக்கொள்வர். கண்ணை மரக்கச் செய்துவிட்டு, நடுவிலே துளையுள்ள பாரிஸ் சாந்துக் கிண்ணம் ஒன்றை விழியின் மேலேயே பொருத்தினார். அதனுடன் இணைந்த மெல்லிய அலுமினியக் கோல், கண் அசையுந்தோறும் சுழலும் உருளையொன்றிலே கோடு கீறியது. வாசிப்பின் உளநூலையும் அதனைக் கற்பிக்கும் முறையையும் பற்றி அவர் எழுதிய நூல் 1908 இல் வெளியாயிற்று. நல்லவேளையாக, அதற்கு முன்பே 1901 இல் ரேமண்ட் டொட்ஜ் என்பவரும் அவர்தம் துணைவர் கிளைன் என்பவரும் கண்ணைத் தீண்டாமலே அளக்கும் வழியைக் கண்டிருந்தனர். விழியிலே பட்டுத் தெறிக்கும் ஒளியைப் புகைப்படத் தட்டிலே பதித்தனர். இன்றைய கருவிகளுட் பெரும்பாலானவை அந்நெறியின் வழி வந்தவையே. கண்ணுக்குப் புலப்படாத செந்நிறக்கீழ்க் கதிர் விளக்கொன்று விழியிலே சிறு ஒளிப்புள்ளியைத் தோற்றுவிக்கும். அப்புள்ளியையும் கண்மணியின் நடுவையும் கமரா ஒருங்கே பிடிக்கும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரமும் திசையும் மாறுவதைக் கொண்டு, அவர் எங்கே நோக்குகிறார் என்று கணினி கணிக்கும். கனடாவின் ஒட்டாவாப் பகுதியிலே தயாராகும் கருவியொன்று ஒரு வினாடிக்கு ஆயிரம் தடவை இவ்வாறு அளக்க வல்லது.

அளந்து கண்டது யாது? ஆங்கிலம் வாசிப்பதிலே தேர்ந்த ஒருவரின் கண் ஓரிடத்திலே ஏறத்தாழக் கால் வினாடி தங்குகிறது; பின்பு ஏழு முதல் ஒன்பது எழுத்துகள் வரை தாவுகிறது. நூறு தாவல்களில் பத்துப் பதினைந்து பின்னோக்கிய தாவல்கள்.

இனி, இத்துறையின் உயிர்நாடியான செய்திக்கு வருவோம். மொஸ்கோ நகரிலே அல்பிரட் யார்பஸ் என்பவர் ஓவியர் ரேப்பின் தீட்டிய படமொன்றை ஒருவருக்குக் காட்டிக் கண்ணின் சுவட்டைப் பதிவு செய்தார். நெடுங்காலம் பிரிந்திருந்த ஒருவன் எதிர்பாராமல் வீட்டினுள் நுழைவதும் வீட்டார் திகைத்து நோக்குவதுமே அப்படத்தின் காட்சி. ஒரே படத்தை ஒரே மனிதருக்கு வெவ்வேறு வினாக்களுடன் அவர் காட்டினார். இவர்களின் வயது என்ன என்று வினவியபோது கண் முகங்களையே சுற்றியது. இக்குடும்பத்தின் செல்வநிலை யாது என்றபோது உடைகளிலும் தளபாடங்களிலும் அலைந்தது. வந்தவன் எத்தனை காலம் பிரிந்திருந்தான் என்றபோது அவன் முகத்துக்கும் மற்றையோர் முகத்துக்கும் இடையே ஓடியது. யார்பஸின் நூல் 1965 இல் ருஷிய மொழியிலும் 1967 இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. கண்ணை நடத்துவதில் படத்துக்குள்ள பங்கைப்போலவே வினாவுக்கும் பங்குண்டு என்பதை அச்சுவடுகள் காட்டின.

ஆகவே, கருவியைச் செய்பவர் எத்துணை வேண்டப்படுகிறாரோ அத்துணை வேண்டப்படுகிறார் வினாவை அமைப்பவரும். அமெரிக்க ஆய்வாளர் கண்டெல், நொடைன் முதலியோர் 1978 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. மார்பின் எக்ஸ் கதிர்ப் படங்களிலே புற்றுநோய்க் கட்டிகளை வைத்தியர்கள் சில வேளை காணாது விட்டுவிடுவதுண்டு. அவ்விடத்தை அவர்கள் பார்க்கவேயில்லை என்றுதான் எவரும் எண்ணுவர். கண்ணசைவை அளந்தபோது தவறவிட்ட கட்டிகளிற் பெரும்பாலானவற்றின் மீது வைத்தியரின் கண் பட்டே இருந்தது தெரியவந்தது. கண் கண்டது, மனம் அதனைக் கட்டியென்று தீர்மானிக்கவில்லை. இவ்வேறுபாடு நோயாளிக்கு உயிர்ப் பிரச்சினை. நன்றாகப் பாருங்கள் என்று வைத்தியரை அறிவுறுத்துவதாற் பயனில்லை. பயிற்சியின் முறையையே மாற்றவேண்டும். கருவி தந்தவை எண்கள் மாத்திரமே. அவற்றின் பொருளை உரைத்தவர்கள் மனிதரின் தவறுகளைப் பற்றிச் சிந்தித்தவர்கள்.

தொழில்கள் எங்கே உள? முதலாவது இடம் பல்கலைக்கழக ஆய்வுகூடம். அங்கே ஆய்வுதவியாளரின் நாளாந்த வேலை பொறுமையைச் சோதிக்கும். வந்தவரை அமர்த்தி, மோவாயைத் தாங்கியிலே வைக்கச் செய்து, திரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும் புள்ளிகளை நோக்கச் செய்து கருவியைச் சரிப்படுத்தவேண்டும். தடித்த மூக்குக் கண்ணாடி அணிந்தவர் வருவார். இமை தாழ்ந்தவர் வருவார். கண்மை தீட்டி வருவாரும் உளர். கருமையான மையைக் கண்மணியென்று கருவி மயங்கிவிடும். வந்தவரின் மனங்கோணாமல் மையை அழித்துவிட்டு வருமாறு சொல்வதும் இவ்வுத்தியோகத்தின் ஒரு பகுதியே. பின்னர் பல்லாயிரம் எண்களைத் துப்புரவாக்கி, புள்ளிவிபரவியல் முறைப்படி ஆராயவேண்டும். உளவியல், மொழியியல், கல்வியியல் படித்தவர்கள் இவ்வழியாகவே மேலேறுகின்றனர். சுவீடன் நாட்டிலே கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்பவர் சம்பளம் பெறும் ஊழியராகவே பெரும்பாலும் நியமிக்கப்படுவர் என்பது பொருள் வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகள் அறியவேண்டிய செய்தி. அந்நாட்டின் லுண்ட் பல்கலைக்கழகத்திலே இவ்வாய்வுக்குப் பெயர்பெற்ற கூடம் மனிதப் பண்பியற் பீடத்தைச் சார்ந்தது என்பதையும் கலைப்பிரிவினர் குறித்துக்கொள்வாராக.

இரண்டாவது, கருவி செய்யும் கம்பனிகள். 2001 இல் தொடங்கிய சுவீடனின் டோபி இவற்றுட் பெயர்பெற்றது. இங்கே ஒளியியலும் மின்னியலும் கணினி நிரலாக்கமும் கற்றோர்க்கு முதலிடம். எனினும், வாங்கியவருக்குக் கருவியைக் கையாளக் கற்பிப்பவரும் அவரது ஆய்வுக்கு ஆலோசனை கூறுபவரும் வேண்டும். ஆராய்ச்சிப் பயிற்சியுடன் பிறர்க்கு விளங்க உரைக்கும் திறமையும் உடையவர் அவ்விடத்தைப் பெறுவர்.

மோட்டார் வண்டித் தொழிலும் இப்போது கண்ணசைவை நாடுகிறது. சாரதி உறங்கி வழிகின்றாரா, வீதியை விட்டு வேறெங்கோ நோக்குகின்றாரா என்று சிறு கமரா கவனிக்கும். சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் 1999 இலும் அவுஸ்திரேலியாவின் கான்பராவில் 2000 இலும் தொடங்கப்பட்ட இரு கம்பனிகள் இதிலே முன்னணியில் நிற்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2019 இல் இயற்றிய ஒழுங்குவிதியின்படி, 2024 ஜூலை முதல் புதிதாக அங்கீகாரம் பெறும் வண்டி வகைகளிலே கவனச் சிதறலை எச்சரிக்கும் அமைப்பு இருத்தல் வேண்டும். சட்டம் வேண்டுவதனால் வேலையும் பெருகுகிறது. கடைத்தட்டிலே எப்பொருள் கண்ணைக் கவர்கிறதென்று ஆராயும் விற்பனைத் துறை வேலையும் உண்டு. அதில் வருவாய் நன்று. அறிவுக்கு விருந்து குறைவு.

இவை எல்லாவற்றினும் மேலாக மதிக்கத்தக்க பணி ஒன்றுண்டு. இயக்க நரம்பு நோயினால் கைகால் ஓய்ந்து, நாவும் ஓய்ந்த ஒருவருக்குக் கண்ணசைவு பெரும்பாலும் இறுதிவரை எஞ்சி நிற்கும். திரையிலுள்ள எழுத்துகளை ஒவ்வொன்றாக நோக்கி அவர் சொல்லமைப்பார். கருவி அதனைக் குரலாக ஒலிக்கும். பெருமூளை வாதத்துடன் பிறந்த குழந்தை, தான் விரும்பும் உணவின் படத்தை நோக்கித் தாயிடம் முதன்முதலாக ஒன்றைக் கேட்பதும் இவ்வாறே. கருவியை வாங்கிக் கட்டிலருகே வைத்துவிட்டால் மட்டும் இது நிகழ்ந்துவிடாது. எந்தச் சொற்கள் முதலில் வேண்டும், திரை எத்துணைத் தூரத்தில் இருக்கவேண்டும், நோயாளி களைக்குமுன் எவ்வளவு நேரம் பழகலாம் என்பனவற்றை வாரக்கணக்காக அருகிருந்து தீர்மானிக்க ஒருவர் வேண்டும். அவர் பேச்சு மொழிச் சிகிச்சையாளராகவோ தொழில்வழிச் சிகிச்சையாளராகவோ இருப்பார். இலங்கையிலே களனிப் பல்கலைக்கழகம் பேச்சு, செவிப்புலன் விஞ்ஞானப் பட்டப்படிப்பை நடத்துகிறது. நோயாளியின் வீட்டு மொழியை அறிந்த சிகிச்சையாளர் இல்லாதவிடத்து எத்தனை உயர்ந்த கருவியும் ஊமையே.

ஊக்கமூட்டுவதோடு எச்சரிப்பதும் கடமையாகும். இத்துறையிலே பதவிகள் ஆயிரக்கணக்கிற் கொட்டிக் கிடக்கவில்லை. ஆய்வுகூட நியமனங்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கே உரியவை. கம்பனிகளும் கைமாறும். கொப்பன்ஹேகன் நகரிலே மலிவான கருவிகளைச் செய்துவந்த கம்பனியொன்றை 2016 இல் பேஸ்புக் நிறுவனம் வாங்கியது. ஜேர்மனியிலே 1991 முதல் நடந்துவந்த மற்றொன்றை 2017 இல் அப்பிள் நிறுவனம் வாங்கியது. வாங்கப்பட்ட இரண்டும் தம் கருவிகளை வெளியார்க்கு விற்பதை நிறுத்திவிட்டன. கண்ணினாலேயே இயக்கப்படும் தலையணிக் கணினி 2024 இல் அப்பிள் நிறுவனத்திடமிருந்து விற்பனைக்கு வந்தது என்பது உண்மையே. ஆயினும் பழைய கருவியை நம்பித் தம் ஆய்வை அமைத்தோர் வேறு கருவி தேடவேண்டியவராயினர். ஒரு கருவியின் பொத்தான்களை மாத்திரம் கற்றவர் அக்கருவியோடு ஓய்வார். சோதனை அமைத்தலையும் புள்ளிவிபரவியலையும் ஓரளவு நிரலாக்கத்தையும் கற்றவர் வேறு கருவிக்கு மாறிக்கொள்வார். கலைப்பிரிவு மாணாக்கர் கணக்கென்றால் ஒதுங்கும் வழக்கத்தை இங்கே விட்டொழித்தல் வேண்டும். அதற்கு மாற்றுவழி இல்லை.

வேலை தேடுவோர் அறியவேண்டிய நுட்பம் ஒன்று. விளம்பரத்திலே கண்ணசைவு ஆய்வாளர் தேவை என்று தலைப்பிட்டிருப்பது அரிது. பயனர் ஆய்வாளர், மனிதக் காரணிப் பொறியியலாளர், ஆய்வுகூடப் பொறுப்பாளர் என்ற பெயர்களின் கீழே, தகைமைகளின் நடுவே அச்சொல் ஒளிந்திருக்கும். 1981 இல் பேர்ன் நகரிலே தொடங்கிய ஐரோப்பியக் கண்ணசைவு மாநாட்டின் கட்டுரைகளைப் பார்த்தால், எந்த ஆய்வுகூடம் எதனை ஆராய்கிறதென்று விளங்கும். அவ்விடத்துப் பேராசிரியருக்குத் தம் வினாவை முன்வைத்து எழுதுபவர், வேலை தருக என்று மட்டும் எழுதுபவரினும் விரைவிலே பதில் பெறுவார்.

தமிழ் மாணாக்கருக்கு அத்தகைய வினாவுக்குக் குறைவில்லை. பல நாட்டு ஆய்வாளர் ஒன்றுகூடி 2022 இல் பதின்மூன்று மொழிகளின் வாசிப்புக் கண்ணசைவுகளை ஒப்பிட்டு வெளியிட்டனர். ஆங்கிலம், துருக்கி, பின்னிஷ், கொரிய மொழி, ஹீப்ரு ஆகியன அதில் உண்டு, தமிழ் இல்லை. 'கெ', 'கை' என எழுதும்போது உயிரின் குறி மெய்க்கு முன்னே நிற்கிறது. ஒலிக்கும்போது பின்னே வருகிறது. வாசிப்பவரின் கண் இதனை எவ்வாறு கொள்கிறது? 'வந்துகொண்டிருந்தவர்களுக்கும்' என்ற ஒரு சொல்லிலே கண் எங்கே இறங்குகிறது, எத்தனை முறை நிற்கிறது? வாசிப்பிலே இடர்ப்படும் தமிழ்க் குழந்தை எவ்விடத்திலே தடுமாறுகிறது? ஆங்கிலத்துக்குக் கண்ட விடைகளை அப்படியே தமிழுக்குப் பொருத்துதல் ஆகாது.

விலையுயர்ந்த கருவி கையில் இல்லையே என்று காத்திருக்கவும் வேண்டியதில்லை. அமெரிக்காவின் பிரவுண் பல்கலைக்கழகத்தார் 2016 இல் வெளியிட்ட நிரலொன்று சாதாரணக் கணினிக் கமராவைக் கொண்டே நோக்கும் இடத்தை மதிப்பிடுகிறது. நுட்பம் குறைவாயினும் பழகுவதற்குப் போதும். பெல்ஜியத்தின் கென்ற் பல்கலைக்கழகத்தார், அகதா கிறிஸ்டி எழுதிய துப்பறியும் நாவலொன்றை முழுவதும் வாசித்தவர்களின் கண்ணசைவுகளைப் பதிந்து, அவ்வெண்கள் அனைத்தையும் 2017 இல் விலையின்றி வெளியிட்டுள்ளனர். நீண்ட சொல்லிலே கண் கூடுதலாகத் தங்குகிறதா, எச்சொற்களைத் தாண்டிச் செல்கிறது என்பனவற்றை உயர்தர வகுப்பு மாணாக்கர் ஒருவர் பாடசாலைக் கணினியிலேயே அவ்வெண்களைக் கொண்டு ஆராயத் தொடங்கலாம்.