தலைமையும் ஆசிரியர் மனமும்



1955ஆம் ஆண்டில் அன்றைய சென்னை மாநிலத்தில், உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்குச் சேமநிதி, ஓய்வூதியம், காப்புறுதி ஆகிய மூன்றையும் ஒருங்கே வழங்கும் திட்டம் வந்தது. முதுமை குறித்த அச்சம் குறைந்தது. ஆயினும் ஆசிரியரின் ஊக்கத்தை அரசாணை மட்டுமே காத்துவிட இயலாது; அது தலைமையாசிரியரின் சொல்லையும் பொறுத்தது.

இதனை நான் என் பிழையால் கற்றேன். பொறுப்பேற்ற முதலாண்டில், ஓர் ஆசிரியர் மூன்று நாள் தொடர்ந்து தாமதமாக வந்தார். காரணம் வினவாமல், பிறர் காண வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் குறித்தேன். விளக்கம் கேட்டுக் குறிப்பாணையும் அளித்தேன். அவருடைய தாயார் மருத்துவமனையில் இருந்தமை பின்னரே தெரிந்தது. அதன்பின் அவர் ஒருநாளும் தாமதிக்கவில்லை. ஆனால், பின்தங்கிய மாணவர்க்கு அவர் விரும்பி நடத்திவந்த மாலை வகுப்பு நின்றுபோயிற்று. ஏனைய ஆசிரியர்களும் மணியடித்ததும் புறப்படலாயினர். விதி காக்கப்பட்டது, பள்ளி தளர்ந்தது.

பிறர் காணச் செய்த பிழைக்குப் பிறர் காணவே வருந்துவதுதான் முறை. ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். எனினும் அந்த மாலை வகுப்பு மீண்டும் தொடங்க ஓராண்டாயிற்று.

பள்ளிகளை நடத்தும் அறங்காவலர் பெருமக்களே! தலைமையாசிரியரை மதிப்பிடுங்கால், தேர்ச்சி விழுக்காட்டோடு ஆசிரியர்களின் முகமலர்ச்சியையும் காணுங்கள் என வேண்டி அமைகிறேன்.