போர்க்காலக் கணக்கில் விடுபட்ட வயல்கள்

(கல்முனையில் வேளாண்மைக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் புள்ளிவிபரம் என்று அறிந்ததும், வாயிலிலேயே ஒரு பெரியவர் என்னை மறித்தார். "தம்பி, நெல்லு விலையைப் பத்திச் சொல்லுங்க. அரசாங்கத்துக் கணக்கு நமக்கு என்னத்துக்கு?" என்று கேட்டார். இரண்டும் ஒரே வழக்கின் இரு பக்கங்கள் என்று நான் அவருக்கு விடையிறுத்தேன். அதை நிரூபிக்கும் பொறுப்பு இப்பொழுது என் தலையில் விழுந்திருக்கிறது.

அரசுகள் தம் நாட்டை எண்ணக் கற்றுக்கொண்டது பெரும்பாலும் போர்க்காலத்திலேதான். சமாதான காலத்து அரசுக்கு வரி எவ்வளவு வந்தது, செலவு எவ்வளவு போனது என்ற இரண்டும் போதும். போர் வந்துவிட்டால் அது போதாது. நாட்டிலே எத்தனை தொன் இரும்பு உண்டு, எத்தனை கை வேலைக்கு உண்டு, மக்கள் உண்டு உடுத்தது போக எஞ்சுவது எவ்வளவு என்ற கேள்விகள் எழுகின்றன. 1940-ஆம் ஆண்டில் கேயின்ஸ் என்னும் பொருளியல் அறிஞர் போருக்கு எவ்வாறு பணம் தேடுவது என்று ஒரு சிறு நூல் எழுதினார். அடுத்த ஆண்டே மீட், ஸ்ரோன் என்னும் இரு இளைஞர்கள் ஆக்கிய தேசிய வருமானக் கணக்கைப் பிரித்தானிய அரசாங்கம் வரவு செலவுத் திட்டத்தோடு வெள்ளை அறிக்கையாக வெளியிட்டது. இன்று நாம் மொத்த உள்நாட்டு உற்பத்தி என்று ஓதுகிறோமே, அந்த மந்திரம் அந்தப் போரின் பிள்ளை.

அமெரிக்காவில் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. 1942-இல் படைத் தளபதிகள், விமானம் இத்தனை, தாங்கி இத்தனை, கப்பல் இத்தனை வேண்டும் என்று பட்டியல் நீட்டினார்கள். போர் உற்பத்திச் சபையிலே இருந்த சைமன் குஸ்நெற்ஸ் என்பவர் தொழிற்சாலைகளின் உற்பத்திக் கணக்கையும் தேசிய வருமானக் கணக்கையும் வைத்துக்கொண்டு, 'இந்தப் பட்டியலை இந்த நாடு இந்தக் காலத்துக்குள் செய்து முடிக்க இயலாது' என்று எழுதிக் கொடுத்தார். தளபதிகளுக்குக் கோபம் வந்தது. ஈற்றில் பட்டியல் குறைக்கப்பட்டது. துப்பாக்கி தூக்கியவனைக் கணக்கேடு தூக்கியவன் வென்ற சந்தர்ப்பம் உலகத்தில் மிகச் சில. அவற்றில் இதுவும் ஒன்று. அதே குஸ்நெற்ஸ்தான், போர்த் தளபாடங்களை மக்களின் நல்வாழ்வோடு சேர்த்துக் கூட்டி 'நாடு வளர்ந்துவிட்டது' என்று சொல்வது சரியாகுமா என்றும் கேட்டவர். இந்தக் கேள்வியைத் தயவுசெய்து நினைவில் வைத்திருங்கள். அதனோடு நமக்கு வேலையுண்டு.

இனி இலங்கைக்கு வருவோம். 1942 ஏப்பிரல் 9-ஆம் நாள் திருகோணமலையில் குண்டு விழுந்தது. அதே நாள் மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் கடலில் மூழ்கியது. ஆனால் நம் நாட்டுக்கு விழுந்த பெரிய அடி குண்டு அன்று. பர்மா வீழ்ந்தது, அரிசிக் கப்பல் நின்றது. போருக்கு முன் இந்த நாடு உண்ட அரிசியில் பெரும்பங்கு வெளியிலிருந்து வந்தது. ஆகவே பங்கீடு வந்தது, கூப்பன் புத்தகம் வந்தது, நாடெங்கும் கூட்டுறவுப் பண்டகசாலைகள் எழுந்தன. உள்நாட்டு நெல்லை அரசாங்கமே வாங்கத் தொடங்கியது. முதன்முறையாகக் கொழும்புக் கந்தோர்கள் நம் வட்டைகளின் நெல்லை ஏக்கர்க் கணக்கிலே அறிய ஆசைப்பட்டன.

அந்த அறிவு எப்படிப்பட்டது? நெல்லைக் கொடு என்று கேட்டால் விளைச்சல் சுருங்கும். அரிசி தருகிறேன் என்று சொன்னால் வீட்டிலே வாய்கள் பெருகும். இறந்துபோன பாட்டனின் கூப்பன் மட்டும் உயிரோடிருக்கும். இது மனித இயல்பு. நமது முன்னோரைக் குறை சொல்ல நான் வரவில்லை. கணக்கு என்பது கேட்பவனுக்கும் சொல்பவனுக்கும் இடையே உள்ள நம்பிக்கையின் அளவு என்று காட்டவே சொல்கிறேன். 1941-இல் எடுத்திருக்க வேண்டிய குடிசனமதிப்பும் போரினால் தள்ளிப்போய் 1946-இல் எடுக்கப்பட்டது. அப்போதுதான் சனத்தொகை 66 இலட்சத்து 57 ஆயிரம் என்று திட்டமாகத் தெரிந்தது. போர் முழுவதும் எத்தனை வாய்க்கு அரிசி தேடுகிறோம் என்பதே மதிப்பீடாகத்தான் இருந்தது.

மறுபுறத்தில் ஏற்றுமதிக் கணக்கோ மிகத் துல்லியம். மலாயாவும் யாவாவும் யப்பான் கையில் போனபின், நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பர் தரப் பெரிதும் இலங்கையே எஞ்சியது. மரம் செத்தாலும் பால் வந்தால் போதும் என்று வெட்டினார்கள். அந்த இறப்பரும் தேயிலையும் காரீயமும் இலங்கையின் பெயரில் இலண்டனில் ஸ்ரேலிங் பணமாகத் தேங்கின. போர் முடிந்தபோது அந்தத் தொகை நூறு கோடி ரூபாவுக்கு மேல். ஏட்டிலே செல்வம், கடையிலே துணியில்லை. வெட்டுண்டு செத்த இறப்பர் மரத்தின் பெறுமதியை அந்த ஏட்டில் எவரும் கழிக்கவில்லை.

இவை பழங்கதை. நம் சொந்தப் போருக்கு வருகிறேன். 1983 முதல் 2009 வரை.

குடிசனமதிப்பு 1981-இல் எடுத்தார்கள். 1991-இல் எடுக்கவே இல்லை. 2001-இல் எடுத்தபோது 25 மாவட்டங்களுள் 18-இல் மட்டுமே முழுமையாக முடிந்தது. வடக்கு கிழக்கின் எட்டு மாவட்டங்களுள் முழுமையாக எண்ணப்பட்டது அம்பாறை ஒன்றே. நம் வடக்கே இருக்கும் மட்டக்களப்பு முழுமை பெறவில்லை. ஆக, 1981-க்குப் பின் நாடு முழுவதையும் எண்ணி முடித்தது 2012-இல். முப்பத்தோராண்டு! பிறந்த பிள்ளை மணமுடித்துத் தன் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் காலம் அது.

'நம்மை எண்ணினார்களே, பிறகென்ன குறை?' என்று நீங்கள் கேட்கலாம். தலையை எண்ணினார்கள், அடுப்பை எண்ணவில்லை. வீட்டிலே வருமானம் எவ்வளவு, சோற்றுக்கும் துணிக்கும் பள்ளிக்கும் செலவு எவ்வளவு என்று தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நடத்தும் அளவீடு ஒன்று உண்டு. 1990/91-இல் நடந்தது, 1995/96-இல் நடந்தது, 2002-இல் நடந்தது. மூன்றிலும் வடக்கும் கிழக்கும் இல்லை. இந்த 2002-ஆம் ஆண்டு அளவீட்டை வைத்துத்தான் நாட்டின் அதிகாரபூர்வமான வறுமைக்கோடு வரையப்பட்டது. ஆளொருவருக்கு மாதம் 1,423 ரூபா. அந்தக் கோட்டை வரைந்தபோது சாய்ந்தமருதில் ஒரு மீனவர் வீட்டையேனும், பாண்டிருப்பில் ஒரு கூலியாள் வீட்டையேனும், மருதமுனையில் ஒரு நெசவுத் தறி வீட்டையேனும் தட்டிக் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கோடு நமக்கும் சேர்த்தே 'தேசிய' வறுமைக்கோடு எனப் பெயர் பெற்றது. வேலைவாய்ப்பு அளவீடும் 1990-இல் தொடங்கிப் பல ஆண்டு நம்மை விட்டே நடந்தது. கிழக்கிலே வேலையில்லாதவன் நாட்டின் வேலையில்லாதவர் விகிதத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவன் இல்லவே இல்லை!

நியாயமாகப் பேசுவோம். கணக்கெடுக்கும் உத்தியோகத்தர் குண்டு வெடிக்கும் ஊருக்குள் வரமுடியாமற் போனதை நான் குற்றமாகச் சாட்டவில்லை. அவர்களும் பிள்ளைகுட்டிக்காரர். அட்டவணையின் அடியிலே சிறிய எழுத்தில் 'வடக்கு கிழக்கு மாகாணங்கள் நீங்கலாக' என்று ஒரு குறிப்பும் நேர்மையோடு போட்டார்கள். ஆனால் மேடையில் ஏறிய மந்திரிமார் அந்த அடிக்குறிப்பை வாசித்ததை நான் கேட்டதில்லை.

விலைவாசிக் கதை இன்னும் விசித்திரம். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் என்று ஒன்று உண்டு. 1949/50-இல் கொழும்பிலே 455 தொழிலாளர் குடும்பங்கள் என்ன வாங்கினார்கள் என்று பார்த்து, 1952-ஐ 100 என்று வைத்துத் தொடங்கியது. அந்தப் பழைய கூடையையே போரின் பெரும்பகுதியிலும் சுமந்து வந்து 2007-இல்தான் இறக்கி வைத்தார்கள். நாட்டின் எல்லா மாகாணங்களையும் சேர்த்த விலைச் சுட்டெண் 2013-ஐ அடியாண்டாகக் கொண்டு 2015-இல் வந்தது. பாதை மூடிய நாளிலே கல்முனைச் சந்தையில் மண்ணெண்ணெய் என்ன விலை விற்றதென்று நம் தாய்மார் நினைவில் இருக்கும். தேசத்தின் ஏட்டில் இராது.

இப்போது குஸ்நெற்ஸின் கேள்விக்கு வருகிறேன். போர் நடந்த ஆண்டுகளிலும் நாட்டின் உற்பத்தி வளர்ந்தது என்றே மத்திய வங்கியின் ஆண்டறிக்கைகள் காட்டின. சுதந்திரத்துக்குப் பின் முதன்முறையாக அது சுருங்கியது 2001-இல். இது எப்படி? தேசியக் கணக்கின் விதிப்படி, ஒரு படைவீரனின் சம்பளம் அரசாங்க சேவையின் உற்பத்தியாகக் கூட்டப்படும். இன்னும் ஒருவனைப் படையிலே சேர்த்தால் கணக்கு ஏறும். அதே வேளையில் ஒருவனின் உழவு இயந்திரம் எரிந்தால், கல்வீடு இடிந்தால், அந்த இழப்பு மொத்த உற்பத்தியிலிருந்து கழிக்கப்படுவதில்லை. இடிந்ததைத் திரும்பக் கட்டினால் அந்தச் செலவு வளர்ச்சியாக ஏறும். இது இலங்கை செய்த சூழ்ச்சி அன்று. உலகமெங்கும் உள்ள விதி. ஆனால் அந்த விதி அறியாமல் அந்த இலக்கத்தைக் கையில் எடுப்பவன் ஏமாறுவான்.

நெல்லுக்கு வருவோம். நெல் விளைச்சலை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? விதைத்த பரப்பையும் வெட்டிய பரப்பையும் ஊர் உத்தியோகத்தர் எழுதி அனுப்புகிறார். பிறகு சில வயல்களைக் குலுக்கல் முறையிலே தெரிந்து, குறித்த அளவுள்ள ஒரு துண்டை வெட்டி, அடித்து, நிறுத்து, ஏக்கருக்கு இவ்வளவு என்று கணிக்கிறார்கள். வரம்புகளுக்குக் கழிவு போட்டபின் இரண்டையும் பெருக்குகிறார்கள். 1950-களின் தொடக்கத்தில் வந்த இந்த முறை நல்ல முறை. குறை முறையிலன்று, படிவத்திலே. 1990-க்குப் பின் பல ஆண்டுகள் முஸ்லிம்களும் தமிழர்களும் எட்ட வயல்களுக்குப் போக அஞ்சி இருந்தோம். அப்போது படிவத்தில் என்ன வந்தது? விதைத்த பரப்பு குறைந்தது, அவ்வளவுதான். மழை பொய்த்து விதைக்காத வயலும், உயிருக்கு அஞ்சி விதைக்காத வயலும் ஒரே கூட்டில் ஒரே இலக்கம். 2007-இல் கிழக்கிலே போர் ஓய்ந்து மக்கள் திரும்பி உழுதபோது, மாகாணத்தின் வளர்ச்சி பெரிதென்று முரசறைந்தார்கள். களவு போன மாடு மீண்டு வந்தால் அதைக் கன்று ஈன்ற கணக்கில் எழுதலாமா?

சராசரி என்னும் மாயத்தையும் சொல்லவேண்டும். 1961-இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்து அம்பாறை மாவட்டம் ஆக்கப்பட்டது. கல்லோயாத் திட்டத்தின் வாய்க்கால் தலைப்பில் இருக்கும் வயலும், வாய்க்கால் கடைசியில் தண்ணீருக்குக் காத்திருக்கும் கரையோரத்து வயலும், பொத்துவில் பக்கத்து மானாவாரியும் ஒன்றாய்க் கூட்டி வகுக்கப்பட்டு 'மாவட்டச் சராசரி' ஆகின்றன. அந்தச் சராசரியைப் பார்த்தால் நாமெல்லோரும் போடிமார்!

2004 திசம்பர் 26-இல் கடல் வந்தது. நம் மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. நாட்டிலேயே மிகப் பெரிய இழப்பு நமது. அடுத்த சில வாரங்களில் திணைக்களத்தார் வந்து இடிந்த வீடுகளை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். அதற்குமுன் அந்த வீட்டில் என்ன உழைப்பு, என்ன கடன், எத்தனை வலை, எத்தனை தறி என்று ஒப்பிட்டுப் பார்க்க எந்த அளவீடும் இல்லை. இழந்ததை நிரூபிக்க முன்னே இருந்ததைக் காட்டவேண்டும் என்பது சட்டத்தின் அரிச்சுவடி. நம்மிடம் 'முன்னே' இருக்கவில்லை.

சட்டம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. போரினால் காணிக்குப் போகமுடியாதவர்கள் ஆட்சியுரிமை இழந்துவிடக் கூடாதென்று 2016-ஆம் ஆண்டு 5-ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே முதல் 2009 மே வரை உள்ள காலம் அதற்கென வகுக்கப்பட்டது. நல்ல சட்டம். அந்த நாட்களில் ஒரு முதியவர் என்னிடம் வந்தார். உறுதி எரிந்துபோயிற்று. அனுமதிப் பத்திரத்தின் பிரதியைக் கேட்டு அவர் ஏறி இறங்கிய கந்தோரில் கோவையே இல்லை என்றார்கள். கடைசியாகத் தன் மகனின் பழைய பள்ளிக்கொப்பி ஒன்றைச் சீலையில் சுற்றிக் கொண்டுவந்தார். ஒவ்வொரு போகத்துக்கும் எத்தனை அவணம் விளைந்தது, எருமைக்காரனுக்கு என்ன கொடுத்தது, ஸகாத்துக்கு எவ்வளவு ஒதுக்கியது என்று 1974 தொடக்கம் எழுதியிருந்தார். 1990-இல் சிறுபோகத்தோடு எழுத்து நின்றது. அதன்பின் வெற்றுத் தாள்கள். தொடர்ச்சியாக எழுதி வந்த கணக்கேட்டைச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு ஏற்கும். அது மட்டுமே போதாது என்றும் அதே பிரிவு சொல்லும். ஆகவே அயல் வயற்காரர் இருவரைச் சாட்சியாகக் கூட்டினோம். என் இருபதாண்டு வழக்கு வாழ்விலே கையில் எடுத்த ஆவணங்களுள் அந்தக் கொப்பியை விட உறுதியானது அதிகமில்லை.

பெரியவரே, உங்கள் நெல் விலைக்கு வந்துவிட்டேன். உத்தரவாத விலை எவ்வளவு இருக்கவேண்டும் என்ற வாதம் வரும்போதெல்லாம், ஒரு ஏக்கருக்கு உழவு, விதை, பசளை, நாசினி, வெட்டுக் கூலி என்ன செலவு என்ற கேள்வி வரும். விவசாயத் திணைக்களம் போகந்தோறும் மாவட்டவாரியாகச் செய்கைச் செலவை வெளியிடுகிறது. அம்பாறையும் அதில் உண்டு. அந்த இலக்கம் தெரிந்தெடுத்த சில வேளாண்மைக்காரரைக் கேட்டே எழுதப்படுகிறது. கேட்க வந்தவரிடம், 'என்னத்தையாவது எழுதுங்க' என்று சொல்லித் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். சிரிக்கவேண்டாம்! கடனுக்கு வாங்கிய யூரியாவின் வட்டியும், வீட்டு ஆட்கள் செய்த வேலையின் கூலியும் அந்த நாளில் சொல்லப்படாமல் விட்டால், விலை பேசும் மேசையிலும் அவை இல்லாமலே போகும்.

ஆகையால் ஒரு சிறு வேலை வைத்திருக்கிறேன். வாசலிலே ஆசிரிய நண்பர்கள் கொப்பி கொடுப்பார்கள். வரும் பெரும்போகத்தில் உழவு தொடங்கும் நாளிலிருந்து, வட்டையின் பெயர், ஏக்கர், தண்ணீர் வந்த நாள், செலவு, விளைச்சல், விற்ற விலை, விதைக்காத துண்டிருந்தால் ஏன் விதைக்கவில்லை, இவ்வளவும் எழுதுங்கள். எழுத வராதவர் பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்கலாம். பெயர் எழுத விருப்பமில்லாதவர் எழுதவேண்டாம். சூடு மிதித்து முடிந்தபின் கொப்பிகளை இதே மண்டபத்தில் வைத்துக் கூட்டிப் பார்ப்போம். திணைக்களத்தின் இலக்கம் வெளிவந்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். வேறுபாடு இருந்தால் அதைக் கச்சேரிக்கு எடுத்துச் செல்லும் மனுவை நான் கட்டணமின்றி எழுதித் தருகிறேன்.