காவல் நிலையத்தில் உண்மை சொன்னவர்கள்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள், இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

"கல்வியும் அரசுப் பணியும்" என்ற பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்திருந்தார்கள். எனக்கு முன் பேசியவர்கள் அதில் சொல்ல வேண்டியவற்றையெல்லாம் சொல்லிவிட்டார்கள். ஆகவே அப்பொருளின் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். அதற்குக் காரணம் என் பழைய மாணவன் ஒருவன்.

அவன் பெயரும் ஊரும் இங்கே வேண்டா. நம் சங்க விடுதியில் தங்கிப் படித்தவன். பின்பு காவலர் பணியில் சேர்ந்தான். சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தான். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "ஐயா, நிலையத்தில் ஒருவரை அடித்தார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அடிபட்டவர் நம் தெருவில் இருப்பவரைப் போன்றவர். நான் என்ன செய்திருக்க வேண்டும்?" என்று கேட்டான். முப்பது ஆண்டுகள் வினாத்தாள் தயாரித்தவன் நான். அன்று அந்த ஒரு வினாவுக்கு விடை தெரியாமல் விழித்தேன்.

காவல் நிலையம் என்றால் நம் பாட்டன்மார்க்கு ஒரே பொருள்தான் உண்டு. வேறொருவன் வயலில் களவு போனால் நம் தெருவுக்குத்தான் முதலில் ஆள் வரும். இன்று இடஒதுக்கீட்டினால் நம் பிள்ளைகள் அதே நிலையத்தில் சீருடை அணிந்து நிற்கிறார்கள். கம்பிக்கு உள்ளேயும் நம்மவன். வெளியே காவலுக்கு நிற்பவனும் நம்மவன். இந்த நிலையில் வெளியே நிற்பவன் வாய் திறந்தால் அவனுக்கு என்ன நேரும் என்பதை நாம் அறிந்துகொள்ளத்தான் வேண்டும்.

சாத்தான்குளம் நிகழ்ச்சி உங்களுக்குத் தெரியும். 2020-ஆம் ஆண்டு ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரம் கடந்தும் கைபேசிக் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று சொல்லி வணிகர் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். பின்னர்க் கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். 22-ஆம் நாள் இரவு மகன் இறந்தார். மறுநாள் காலை தந்தை இறந்தார். நாடே கொதித்தது. வணிகர்கள் கடையடைப்புச் செய்தார்கள். (நம் தெருக்களில் இத்தகைய சாவுகள் நேர்ந்தபோது எத்தனை கடைகள் அடைக்கப்பட்டன என்று எண்ணிப் பார்த்தேன், அதை இங்கே விரிக்கப் போவதில்லை.)

நான் சொல்ல வந்தது அதன்பின் நடந்தது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் ஆணைப்படி, கோவில்பட்டி நீதித்துறை நடுவர் 28-ஆம் நாள் விசாரணைக்காக அந்நிலையத்துக்கே சென்றார். அவருக்கு அங்கே ஒத்துழைப்பு இல்லை. கேட்ட பதிவேடுகள் உடனே வரவில்லை. காவலர் ஒருவர் அவரை இழிவாகவும் பேசினார். கண்காணிப்புக் கேமராவின் பதிவுப் பெட்டியில் இடம் நிறைய இருந்தும், அன்றன்றைய பதிவு தானாகவே அழிந்துபோகுமாறு அமைக்கப்பட்டிருந்ததை அவர் கண்டார். இயந்திரம் கண்டதை இயந்திரத்தைக் கொண்டே மறக்கச் செய்துவிட்டார்கள். ஆனால் அங்கே பணியிலிருந்த ஒரு பெண் மறக்கவில்லை.

தலைமைக் காவலர் ரேவதி என்னும் அந்த அம்மையார், இருவரும் இரவு முழுதும் அடிக்கப்பட்டார்கள் என்று நடுவரிடம் சொன்னார். லத்திகளிலும் மேசையிலும் இரத்தக் கறை இருக்கிறது, அவற்றை அழித்துவிடுவார்கள், உடனே கைப்பற்றுங்கள் என்றும் சொன்னார். சொல்லும்போது அவர் அஞ்சி நடுங்கினார் என்பதை நடுவரின் அறிக்கையே பதிவு செய்திருக்கிறது. உடன் பணிபுரிந்தவர்கள் வெளியே கூடி நின்றார்கள். வாக்குமூலத்தில் கையொப்பமிட நெடுநேரம் தயங்கி, பாதுகாப்புக்கு உறுதி அளித்த பிறகே ஒப்பமிட்டார்.

நண்பர்களே, அவரை வீராங்கனை என்று பத்திரிகைகள் எழுதின. எழுதட்டும். ஆனால் என் மனத்தில் நின்றது அவருடைய நடுக்கம். அச்சமில்லாதவர்தாம் உண்மை சொல்ல முடியும் என்றால் உலகில் உண்மை சொல்வதற்கு ஆளே இராது. அவர் அஞ்சிக்கொண்டே சொன்னார். சொல்ல முடிந்ததற்குக் காரணம், கேட்பதற்கு ஒருவர் நேரில் வந்திருந்தார். அவர் காவல்துறையைச் சாராதவர். அவருக்குப் பின்னால் உயர்நீதிமன்றம் நின்றது. அந்நீதிமன்றம் ரேவதிக்கும் அவர் குடும்பத்துக்கும் காவல் அளிக்கச் செய்து, ஊதியத்துடன் விடுப்பும் கிடைக்கச் செய்தது. வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையின் கைக்குப் போயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் காவல்துறையினர் ஒன்பது பேர் மீது கொலைக் குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். காவலில் ஒருவர் இறந்தால் நீதித்துறை நடுவரே விசாரிக்க வேண்டும் என்னும் திருத்தம் 2005-இல்தான் சட்டத்தில் ஏறியது. அதற்கு முன்னர் நம் பெரியவர்கள் கண்டதெல்லாம் ஆர்.டி.ஓ. விசாரணைதான். அதன் முடிவுகள் எத்தகையவை என்பதை முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களைக் கேளுங்கள். கதை கதையாகச் சொல்வார்கள்.

கேட்க ஆள் இல்லாத இடத்தில் உண்மை சொன்னால் என்ன நேரும்? அதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பெண்ணின் வரலாற்றைச் சொல்கிறேன். நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ என்றொரு நகரம். அங்கே கேரியல் ஹார்ன் என்ற கறுப்பினப் பெண்மணி காவல் அதிகாரியாக இருந்தார். 2006-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், கையில் விலங்கு பூட்டப்பட்டிருந்த ஒருவரின் கழுத்தை வெள்ளையின அதிகாரி ஒருவர் தம் கையால் நெரிப்பதைக் கண்டார். அந்த மனிதர் மூச்சுவிட முடியாமல் தவிக்கிறார் என்று உணர்ந்து சக அதிகாரியின் கையைப் பற்றி இழுத்தார். அந்த அதிகாரி தம் முகத்தில் குத்தினார் என்பது ஹார்னின் வாக்குமூலம்.

துறை விசாரணை நடந்தது. நெரித்தவர்மீது குற்றமில்லை என்றார்கள். தடுத்தவர் சக அதிகாரிகளின் உயிருக்கு ஆபத்து விளைவித்தார் என்றார்கள்! 2008-இல் ஹார்ன் பதவி நீக்கம் செய்யப்பட்டார். ஓய்வூதியத்துக்கு இருபது ஆண்டுப் பணி வேண்டும். அவருக்குப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. நெரித்தவர் அவர்மீது அவதூறு வழக்குத் தொடுத்து அதிலும் வென்றார். அதே அதிகாரி 2009-இல் விலங்கிடப்பட்டிருந்த கறுப்பின இளைஞர் நால்வரிடம் முறைகேடாக நடந்துகொண்டு, பின்னாளில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2018-இல் நான்கு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அப்போதும் ஹார்னுக்கு ஓய்வூதியம் வரவில்லை.

2020 மே 25 அன்று மினியாபோலிஸ் நகரில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்பவரின் கழுத்தில் ஒரு காவலர் ஒன்பது நிமிடங்களுக்கு மேல் முழங்காலை ஊன்றிக் கொன்றார். உடனிருந்த மூன்று காவலர்கள் அவரைத் தடுக்கவில்லை. தடுக்க ஒருவர் இருந்திருந்தால் என்று உலகம் கேட்டபோதுதான், தடுத்த ஒருத்தி வேலையிழந்து கிடப்பது பஃபலோ நகருக்கு நினைவு வந்தது. அவ்வாண்டே நகர மன்றம் அவர் பெயரால் ஒரு சட்டம் இயற்றியது. சக காவலர் அளவு மீறித் தாக்கினால் தடுப்பது கடமை. தடுத்தவரையும் தெரிவித்தவரையும் பழிவாங்கக் கூடாது. 2021 ஏப்ரலில் நீதிமன்றம் அவருடைய பதவி நீக்கத்தைச் செல்லாது என்று கூறி, ஓய்வூதிய உரிமையை மீட்டளித்தது. இடையே பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. நீதி கிடைத்தது என்று மகிழ்வதா, பதினான்கு ஆண்டுகளை யார் தருவார் என்று வருந்துவதா? எனக்கு வருத்தமே மிகுதி.

நம் நாட்டுச் சட்டங்களையும் சற்றுப் பாருங்கள். 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு காவலர் அனுமதியின்றிப் பத்திரிகைக்குச் செய்தி தர முடியாது. ஒழுங்கு தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் வெளிக்கதவை அடைத்தவர்கள் உள்ளே ஒரு கதவைத் திறந்து வைக்க வேண்டாமா? காவல்துறை மீதான புகார்களை விசாரிக்க, ஓய்வுபெற்ற நீதிபதிகளின் தலைமையில் ஆணையங்கள் வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் ஆணையிட்டது. நம் மாநிலம் 2013-இல் இயற்றிய சட்டமோ உள்துறைச் செயலாளரையும் மாவட்ட ஆட்சியரையும் தலைவர்களாக வைத்தது. ஊழலைத் தெரிவிப்போரைக் காக்க நாடாளுமன்றம் 2014-இல் செய்த சட்டம், பத்து ஆண்டுகள் சென்ற பின்னும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. சட்டம் செய்துவிட்டுப் பெட்டியில் பூட்டி வைப்பது நமக்குப் புதிதல்ல.

ஆகவே அந்த மாணவனிடம் வீரம் பேச எனக்கு மனம் வரவில்லை. "தம்பி, நீ தனியாகத் தடுத்திருக்க முடியுமா, தெரியாது. ஆனால் உன் கையால் பொய் எழுதாதே. நாட்குறிப்பில் உன்னை எழுதச் சொன்னால் நடந்ததை நடந்த நேரத்தோடு எழுது. விசாரணைக்கு நடுவர் வந்தால் ஒளியாதே. எழுத்தில் கொடுப்பதன் படி ஒன்றை வெளியே நம்பிக்கையானவரிடம் வை" என்றேன். "உங்களிடம் வைக்கலாமா ஐயா?" என்று கேட்டான். சரி என்றேன்.

சில மாதங்களில் மேலதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவித்தான். படி என் பீரோவில் இருக்கிறது. அவனை வேறு மாவட்டத்து ஆயுதப்படைக்கு மாற்றினார்கள். ஆணையில் "நிர்வாக நலன் கருதி" என்று கண்டிருந்தது. குழந்தைக்கு அப்போது எட்டு மாதம்.

செயற்குழுவினர்க்கு ஒரு வேண்டுகோள். பணியில் சேர்வதற்கு நாம் பயிற்சி வகுப்பு நடத்துகிறோம். சேர்ந்தவுடன் மாலையிட்டுப் படம் எடுக்கிறோம். பிறகு அவனை மறந்துவிடுகிறோம். நம் சங்கத்தில் வழக்கறிஞர்கள் மூவர் இருக்கிறார்கள். உண்மை சொல்லி இடர்ப்படும் பிள்ளைக்காக ஒரு மனு எழுதவும், துணைக்கு ஒருவர் செல்லவும், ஊதியம் நின்றால் சில மாதங்கள் அக்குடும்பத்தைத் தாங்கவும் ஒரு நிதி வேண்டும். என் ஒரு மாத ஊதியத்தை அதற்கென இன்று பொருளாளரிடம் கொடுத்துள்ளேன்.

அந்த மாணவனின் தங்கை சார்பு ஆய்வாளர் தேர்வுக்கு விண்ணப்பிக்கிறாள். "அண்ணனுக்கு நேர்ந்தது தெரிந்துமா அம்மா?" என்று கேட்டேன். "தெரிந்துதான் ஐயா" என்றாள். அவளுடைய நன்னடத்தைச் சான்றிதழில் கையொப்பமிட்டுவிட்டுத்தான் இன்று காலை இங்கே புறப்பட்டு வந்தேன்.