வீதிக்கு விலை



வீதி யாருக்குச் சொந்தம்? ஒருவரை மட்டும் ஏற்றிக்கொண்டு ஒய்யாரமாக ஊர்ந்து வருகிறதே கார், அதற்கா? ஐம்பது பேரைச் சுமந்து, அந்தக் காரின் பின்னால் அசைய வழியின்றி நிற்கிறதே பேருந்து, அதற்கா? இடத்தை அடைத்தவர் ஒருவர். நேரத்தை இழந்தவர் ஐம்பதுபேர். இந்த வழக்கைத் தீர்க்கவே, நெரிசல் மிகுந்த நகர்நடுவில் நுழையும் வாகனத்துக்குக் கட்டணம் என்று முதலில் துணிந்தது சிங்கப்பூர். ஆண்டு 1975.

ஐரோப்பாவிலோ, 2000ஆம் ஆண்டில் எட்டு நகரங்கள் கைகோத்தன. பிரிஸ்டல், எடின்பரோ, கோபன்ஹேகன், கோத்தன்பர்க், ஹெல்சிங்கி, டிரான்ட்ஹைம், ரோம், ஜெனோவா! கூட்டு முயற்சிக்குப் பெயர் ‘புரோகிரஸ்’ — முன்னேற்றம்! 1991 முதலே நகரைச் சுற்றிக் கட்டணவளையம் அமைத்திருந்த டிரான்ட்ஹைமின் பட்டறிவு மற்ற நகரங்களுக்குப் பாடமாயிற்று. கருவிகளைச் சோதித்தனர், கணக்குகளை ஒப்பிட்டனர். நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை.

ஆனால், தோழர்களே, எடின்பரோவில் நடந்ததென்ன? கட்டணம் வருமுன்பே, 2005 பிப்ரவரியில் மக்களிடம் வாக்குக் கேட்டனர். ஏறத்தாழ நான்கில் மூவர் ‘வேண்டாம்’ என்றனர். திட்டம் மாண்டது! மக்கள் அறியாதவர்கள் என்று ஏளனம் பேசுவோர் பேசட்டும். நான் பேசமாட்டேன். கண்ணால் காணாத பேருந்துக்காகக் கைக்காசை எடுத்து வை என்றால், உழைப்பவன் தயங்கத்தானே செய்வான்? இன்னொன்றும் உண்டு. வெளிவளையத்துக்கு அப்பால் வாழும் எடின்பரோ நகரத்தாருக்கு அவ்வளையக் கட்டணத்தில் விலக்களித்தனர். அதே தொலைவில் வாழும் அண்டை ஊராருக்கு இல்லை! கடல்கடந்த ரோமோடு கைகோத்த நகரம், எல்லைக்கோட்டுக்கு அடுத்த வீட்டுக்காரனின் பகையைத் தேடிக்கொண்டது. அண்டை மன்றங்கள் எதிர்த்து நின்றன.

அந்த எட்டில் சேராத ஸ்டாக்ஹோம் வேறுவழி சென்றது. 2005 ஆகஸ்டிலேயே கூடுதல் பேருந்துகள் ஓடத்தொடங்கின. 2006 ஜனவரி 3இல்தான் கட்டணம் வந்தது. அதுவும் ஜூலை இறுதிவரை, சோதனையாக. கட்டண எல்லையைக் கடந்த வாகனங்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. பிறகு கட்டணத்தை நிறுத்திவிட்டு, செப்டம்பரில் வாக்குக் கேட்டனர். நெரிசலையும் கண்டு நெரிசலற்ற வீதியையும் கண்டுவிட்ட நகரமக்கள், பெரும்பான்மையாக ‘வேண்டும்’ என்றனர்! 2007 ஆகஸ்டில் கட்டணம் நிலைத்தது.

கோத்தன்பர்க்கோ 2013இல் கட்டணம் விதித்து, 2014இல் வாக்கெடுத்தது. பெரும்பான்மையினர் ‘வேண்டாம்’ என்றனர், கட்டணம் தொடர்ந்தது. கேட்டார்கள், ஆனால் கேளாதிருந்தார்கள்!

ஸ்டாக்ஹோமையும் தலையில் தூக்கி ஆடவேண்டியதில்லை. தனியே வாக்கெடுத்த சுற்றுப்புற ஊர்களில் ‘வேண்டாம்’ என்போரே மிகுந்திருந்தனர். 2006இல் ஆட்சி மாறியதும், புதிய அரசு கட்டணப் பணத்தைப் புதிய சாலைகளுக்குத் திருப்பியது. பேருந்தைக் காட்டி வாங்கிய வாக்கு, காருக்குப் பாதை போடப் பயன்பட்டது!