ஹைபிரிட் கார்: பெட்ரோல் மிச்சம், காசு மிச்சமா?



ஹைபிரிட் கார் வாங்கினால் பெட்ரோல் மிச்சம் என்ற பேச்சு இன்று கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களிலும் கேட்கிறது. பெட்ரோல் மிச்சமாவது உண்மைதான். காசும் மிச்சமாகிறதா?

பெஸ்தாரி ஜெயா பக்கமிருந்து ஷா ஆலமுக்கு வேலைக்குப் போகும் ஒருவர் ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோமீட்டருக்குச் சாதாரணக் கார் ஆறரை லிட்டர் குடித்தால், ஹைபிரிட் நாலரை லிட்டரில் முடித்துவிடும். ஆண்டுக்கு 400 லிட்டர் மிச்சம். 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய பூடி 95 திட்டத்தின் 1 வெள்ளி 99 காசு விலையில், அது 796 வெள்ளி. ஹைபிரிட்டின் விலை 15,000 வெள்ளி கூடுதல் என்றால், அந்தத் தொகைக்கு 9 ஆண்டுக் கடனில் 3 விழுக்காடு வட்டியே 4,050 வெள்ளி. ஆகக் கூடுதல் செலவு 19,050. ஒன்பது ஆண்டில் மிச்சமாவதோ 7,164. பாதிகூட வரவில்லை.

இரு மடங்கு தூரம் ஓடினாலும் இந்த விலையில் ஈடாகாது. அத்திட்டம் தொடங்கியபோது மானியமில்லாத விலையாக இருந்த 2 வெள்ளி 60 காசு என்று போட்டுப் பார்த்தால் மட்டும் ஏறக்குறைய ஈடாகும். ஆனால் பெட்ரோல் விலையை நம்ப முடியாது. 2008 ஜூனில் 1 வெள்ளி 92 காசு ஒரே நாளில் 2 வெள்ளி 70 காசான கதையை யார் மறந்தார்கள்?

ஓடும் சாலையும் முக்கியம். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலை மின்சாரமாக்கிச் சேமிப்பதே ஹைபிரிட்டின் வேலை. காப்பார், மேரு, சுங்கை பூலோ நெரிசலில் நின்று நின்று போகிறவருக்கு அது கைகொடுக்கும். ஈஜோக்கிலிருந்து லாத்தார் நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகிறவருக்கு அவ்வளவு பலன் இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2011 முதல் 2013 வரை இறக்குமதி, கலால் வரி விலக்கால் ஹோண்டா இன்சைட், டொயோட்டா பிரியஸ் சி போன்றவை ஒரு லட்சம் வெள்ளிக்குக் கீழே விற்றன. சலுகை முடிந்ததும் அந்த விலையும் போயிற்று. அந்தக் கார்கள்தாம் இப்போது பழைய கார் கடைகளில் மலிவாக நிற்கின்றன. தோட்டத்து இளைஞர்கள் அதிகம் விசாரிப்பதும் இவற்றைத்தான்.

சிக்கலும் இங்கேதான். புதிய ஹைபிரிட்டின் பேட்டரிக்குப் பல நிறுவனங்கள் 8 ஆண்டு உத்தரவாதம் தருகின்றன. பத்து வயது தாண்டிய காருக்கு அது எப்போதோ முடிந்திருக்கும். பேட்டரி மாற்றும் செலவு ஆயிரக்கணக்கில் வரும்; காருக்குக் கொடுத்த விலையில் பெரும் பங்கு அதிலேயே போய்விடும்.

அதிலும் செம்மண் சாலையில் செம்பனை லோரிக்குப் பின்னால் ஓடிய காரென்றால் கூடுதல் கவனம் வேண்டும். பல ஹைபிரிட்களில் பேட்டரியைக் குளிரவைக்கும் காற்று, பின் இருக்கை அருகிலுள்ள சிறு துவாரம் வழியே போகிறது. அதில் புழுதி அடைத்தால் பேட்டரி சூடேறி ஆயுள் குறையும். வாங்குமுன் அந்தத் துவாரத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பேட்டரியைக் கருவி வைத்துச் சோதிக்கும் பட்டறையில் காட்டிய பிறகே முன்பணம் கொடுங்கள். வெள்ளத்தில் நின்ற காரா என்றும் மறவாமல் கேளுங்கள்.